டிராஜனின் டினாரியஸ்: எழுத்தையும் படத்தையும் சேர்த்துப் படிக்கும் முறை

ரோமானிய வெள்ளிக்காசு சேகரிக்கத் தொடங்குவோருக்குப் பேரரசர் டிராஜனின் (கி.பி. 98–117) டினாரியஸையே நான் பரிந்துரைப்பேன். அது சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் படங்கள் டேசியப் (இன்றைய ருமேனியப் பகுதி) போரை நேரடியாகச் சொல்கின்றன.

முதற்படி எடை. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் பெரும்பாலும் 3 முதல் 3.5 கிராம் வரை காட்டும். விட்டம் ஏறத்தாழ 18 மி.மீ. இருக்கும். தேய்ந்த இடங்களில் செம்பு தெரிந்தால் அது வெள்ளி முலாமிட்ட பழங்காலப் போலியாக இருக்கலாம். விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடு ஓடினால் இக்காலத்து வார்ப்பு என்றே கருதி விலகுகிறேன். பாலிஷ் எதுவும் போடாதீர்கள்.

அடுத்து, பக்கவாட்டிலிருந்து விழும் ஒற்றை விளக்கொளியில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் எழுத்துகளைப் பாருங்கள். கைப்பேசிப் படம் இதற்கு ஈடாகாது.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது வாசகம்தான். தலைப்பக்கத்தில் அது பெரும்பாலும் இடப்புறக் கீழ்முனையில் தொடங்கி வலஞ்சுழியாக, சொற்களுக்கிடையே தெளிவான இடைவெளியின்றி, சுருக்கங்களாகவே ஓடும். 'வி' (V) என்னும் எழுத்து பேரரசரின் 'அகஸ்டஸ்' (AVG) பட்டத்தில் உகரமாகவும், ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சலைக் குறிக்கும் 'காஸ்' (COS) என்பதன் பின் ஐந்து என்னும் எண்ணாகவும் நிற்கும். டிராஜன் ஐந்தாம் முறை கான்சலானது 103இல், ஆறாம் முறை 112இல். ஆகவே 'காஸ் ஐந்து' உள்ள காசு 103க்கும் 111க்கும் இடைப்பட்டது. பல பேரரசர்களின் காசுகளில் பேரரசருக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட திரிபூன் அதிகாரத்தின் ஆண்டு எண் காலத்தை மேலும் குறுக்கித் தரும். இவ்வகைக் காசுகளில் அந்த எண் இல்லை.

அந்தக் குறையைப் படம் ஓரளவு ஈடுசெய்கிறது. பின்பக்கத்தில் ஆயுதக் குவியல்மேல் கைகட்டப்பட்ட டேசியன் அமர்ந்திருந்து, அடியில் 'டாக் காப்' (DAC CAP, கைப்பற்றப்பட்ட டேசியா) என்றிருந்தால், டேசியா வீழ்ந்த 106க்குப் பிந்தையதாக அது பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இறுதியாக, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓக்ரே' (OCRE) இணையப் பட்டியலில் பேரரசர், உலோகம், வாசகம் ஆகியவற்றைக் கொடுத்து ஒப்பிடுங்கள். காசை மைலார் உறையில் வையுங்கள். பிவிசி உறை நாளடைவில் பச்சைப் படிவை உண்டாக்கும்.

பிற்சேர்க்கை: கொங்குப் பகுதியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் டிராஜன் வெள்ளிக்காசை வாங்கலாமா என்று சிலர் கேட்டுள்ளனர். அங்குள்ள புதையல்களில் மிகுந்திருப்பவை டிராஜனுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள். ஆகவே அக்கூற்றை ஐயத்துடனே பார்ப்பேன். உண்மையாகவே மண்ணில் கிடைத்ததென்றால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டியதாக இருக்கலாம். அதை வாங்கவே கூடாது.