வண்ணார்பேட்டையில் இறங்கிவிடுங்கள்

நடைப்பயிற்சி சலித்துவிட்டால் அதற்கென்று தனியாகக் கிளம்பாதீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குத் திரும்பும்போது வண்ணார்பேட்டையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சுலோச்சன முதலியார் பாலத்தை நடந்து கடந்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பத்தான் மனம் முரண்டு பிடிக்கும். வீடு திரும்பத் தினமும் யாரும் யோசிப்பதில்லை. பாதிப் பாலத்தில் அலுப்புத் தட்டினாலும் நடந்தே தீர வேண்டும். 1843-இல் கட்டிய பாலம். கீழே தாமிரபரணி, நாணலுக்குள் அசையாமல் நிற்கும் கொக்கு, முகத்தில் ஈரக்காற்று. வீட்டுக்குள் ஓடும் டிரெட்மில்லில் இது கிடைக்காது. டிக்கெட் காசு மிச்சமாவது ஆண்களுக்குத்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு ஏற்கெனவே கட்டணமில்லை.

சித்திரை மதிய வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் இது வேண்டாம். மூட்டுவலிக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கையில் அரிசிப்பை இருந்தால் பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.