பழைய லாரி இன்ஜினில் கடகட சத்தமா? சம்பைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்ககிரியில் எங்களிடம் ஒரு டாடா 1613 லாரி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு சிலிண்டர் கம்மின்ஸ், 5.9 லிட்டர், பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப். மார்கழி மாதம் ஒரு காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து டொக் டொக் என்று கனமாக அடித்தது. பட்டறைக்குக் கொண்டுபோனோம். இன்ஜின் மூடியைக்கூடத் திறக்காமல் "பிக் எண்ட் பேரிங் போச்சு" என்றார்கள். கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங் அது. ஆயிலை வடித்து, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கி, பேரிங் மூடியான கேப்பைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் ஷெல்லில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு நாள் வண்டி நின்றது, லோடும் கை மாறிப்போனது.

சத்தம் வந்தது, பிரேக்குக்குக் காற்றை ஏற்றும் ஏர் கம்ப்ரஸரிலிருந்து. இதில் என் மனதை இன்றும் அறுப்பது ஒன்றுதான். டிரைவர் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, ஏர் ஏர்ற வரைக்கும் அடிக்குது. ஏர் ஃபுல்லான பெறகு அடங்கிடுது." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, நானும்தான்.

முதல் தவறு அதுவே. பத்து வருடமாக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவரிடம் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது. எங்கே சத்தம் என்று கேட்பதைவிட எப்போது மாறுகிறது என்று கேளுங்கள். காலையில் மட்டுமா, சூடான பிறகா? ஏற்றத்தில் கூடுகிறதா, ஆக்ஸிலேட்டரை விட்டதும் கூடுகிறதா? கிளட்ச் மிதித்தால் என்ன ஆகிறது? இன்ஜின் பிளாக் முழுக்க இரும்பு. ஒரு மூலையில் அடிப்பது இன்னொரு மூலையில் கேட்கும். இடத்தை நம்பினால் ஏமாறுவோம், மாற்றத்தை நம்பலாம்.

கம்ப்ரஸரைச் சோதிக்கப் பைசா செலவில்லை. வண்டி உருளாதபடி சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து டேங்க் காற்றை இறக்குங்கள். ஐட்லிங்கில் விட்டால் கம்ப்ரஸர் லோடு எடுத்துக் காற்றை ஏற்றும். 7, 8 பார் வந்ததும் கம்ப்ரஸரின் சுமையை இறக்கும் அன்லோடர் புஸ் என்று விட்டுவிடும், கம்ப்ரஸர் சும்மா சுற்றும். அந்த நொடியில் சத்தம் மாறினால் சம்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

அடுத்தது, சூடான இன்ஜினை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது. வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்ப் பட்டறையில் நிறுத்தினால் பாதித் துப்பு வழியிலேயே போய்விடும். பிஸ்டன் தேய்ந்து சிலிண்டருக்குள் ஆடுகிற சத்தம் குளிர்ந்த இன்ஜினில் கேட்டு, சூடானதும் பெரும்பாலும் குறையும். பேரிங் நேர்மாறு. ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் அதன் அடி தெளிவாகும். ராத்திரியே வண்டியைப் பட்டறையில் விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கின் காதுக்கு முன்னால் போடுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை வால்வு கவர், பம்ப், கம்ப்ரஸர், பிளாக்கின் அடிப்பகுதி என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் கையோ துண்டோ போகக் கூடாது.

இனி நான் அதிகம் பார்த்த தவறு. மேலே டிக் டிக் என்றால் உடனே "டாப்பெட்" (வால்வு இடைவெளி) என்று சொல்லி, சத்தம் நிற்கும்வரை ஸ்க்ரூவை இறுக்கிவிடுவது. கேட்க இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடும், ஓனரும் மகிழ்ந்து காசு கொடுப்பார். ஆனால் இடைவெளி இல்லாத வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. அந்த நேரத்தைப் பறித்தால் விளிம்பு கருகி, கம்ப்ரஷன் போய், ஹெட்டைக் கழற்றும் செலவு வரும். இந்தப் பழைய 12 வால்வு கம்மின்ஸுக்கு இடைவெளி இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ. இன்ஜின் ஆறியிருக்கும்போது, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். லேசான டிக் டிக் இதற்கு இயல்பு. சரியாக வைத்த பிறகும் ஒரே இடத்தில் உரக்கக் கேட்டால் வளைந்த புஷ் ராடு, தேய்ந்த ராக்கர் ஆர்ம், கேம் மேடு என்று தேடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் ஊதினாலும் அச்சு அசல் டாப்பெட் சத்தமே வரும். போர்ட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சந்தேகிக்காமல் பேரிங்கைச் சந்தேகிப்பதும் அப்படித்தான். மூடாமல் ஒழுகும் நாசில் சுத்தியலால் அடிப்பது போலவே சத்தம் போடும். கண்டுபிடிக்கும் முறை பழையது, இன்றும் நம்பகமானது. ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசிலாக, பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். அந்த சிலிண்டருக்கு டீசல் நின்று இன்ஜின் தடுமாறும். அப்போது சத்தமும் அடங்கினால் கோளாறு அந்த சிலிண்டரில்தான். டாப்பெட் சத்தம் இதற்கு அசைந்துகொடுக்காது. ஆனால் அங்கேயே நிற்காதீர்கள், ஏனென்றால் நெருப்பு நின்றதும் லோடு குறைந்து பிக் எண்ட் சத்தமும் குறையும். அதனால் அந்த நாசிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். சத்தம் கூடவே போனால் நாசில் குற்றவாளி. பழைய இடத்திலேயே அடித்தால் பிஸ்டன், பின், பேரிங் மேல் கண் வைக்கலாம். ஆறு சிலிண்டரும் சேர்ந்து கடகட என்றால் பம்ப் டைமிங் முன்னால் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் உயிர் ஆபத்து உண்டு. நாசில் 200 பாருக்கு மேல்தான் திறக்கும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக் குத்து மாதிரித்தான் தெரியும், உள்ளே கையே அழுகும். கண்ணாடி போடுங்கள், விரலை நட்டுக்கு நேரே வைக்காதீர்கள். குத்திவிட்டால் வலிக்கவில்லை என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் அழுத்தம் தேக்கும் காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும்.

கிளட்ச் பக்கத்தையும் விட்டுவிடுகிறார்கள். பெடலை மிதித்ததும் சத்தம் வந்தாலோ நின்றாலோ ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட் ஸ்பிரிங், கியர் பாக்ஸ் என்று பின்னால் போங்கள். ஃப்ளைவீல் போல்ட் தளர்ந்தால் கிராங்க் உடைந்த மாதிரியே மிரட்டும்.

கெட்டி ஆயில் ஊற்றி சத்தத்தை அமுக்குவது இன்னொரு தவறு. விற்கும்வரை தாங்கினால் போதும் என்று செய்பவர்கள் உண்டு. வாங்குகிறவனும் வண்டியை நம்பிப் பிழைப்பவன்தான். ஆயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு மினுமினுப்பு இருந்தால் பேரிங் தேய்கிறது. ஒட்டும் துகள் என்றால் கேம், டாப்பெட், கியர் பக்கம் போங்கள். பத்து நிமிட வேலை, சம்பைக் கழற்றாமலே பாதி வயிற்றைக் காட்டிவிடும்.

ஆயில் மீட்டரும் பேசும். இந்த இன்ஜினுக்கு சூடான ஐட்லிங்கில் குறைந்தது 0.7 பார், முழு வேகத்தில் 2.1 பார் வேண்டும். டேஷ்போர்டு முள் பழுதாகியிருக்கலாம், தனி கேஜ் மாட்டிப் பாருங்கள். அழுத்தமும் இறங்கி, கனமான அடியும் லோடில் கூடினால் அந்த இடத்திலேயே ஆஃப் செய்துவிட வேண்டும். "இன்னும் நாப்பது கிலோமீட்டர்தான், ஊர் போய்ச் சேர்ந்துடலாம்" என்று ஓட்டிய வண்டியில் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்து வெளியே நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். கட்டி இழுக்கும் கூலி எவ்வளவு ஆனாலும் பிளாக்கின் விலைக்குப் பக்கத்தில் வராது.

உண்மையிலேயே பேரிங்தான் என்று தெரிந்தால், அடிக்கிற ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, எந்த சைஸ் ஷெல் என்று முடிவு செய்யுங்கள். ஆயில் ஓட்டைகளைக் கழுவிக் காற்றடியுங்கள், ஆயில் கூலரில் தங்கிய துகளையும் வெளியேற்றுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு நேராக ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். ஆயில் முள் அசைந்து எழும்பியதும் கேபிளை விடலாம்.