அஃபர் பெயர்களைத் தமிழில் எழுதும் முறை

அஃபர் மக்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். எதியோப்பியாவின் வடகிழக்கு, எரித்திரியாவின் தென்கடலோரம், ஜிபூத்தியின் வடக்கும் மேற்கும் அவர்களுடைய நிலம். குஷித்தியக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்களுடைய மொழி இன்று பெரும்பாலும் இலத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதை ஆங்கிலம்போல வாசித்தால் பெயர் சிதைந்துவிடும்.

முதல் வேலை, கையிலுள்ள சொல் அஃபர் மொழியா, சோமாலி மொழியா என்று பார்ப்பது. ஜிபூத்தியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரே எழுத்து இரண்டிலும் வேறு ஒலி தரும். அலி என்ற பெயரை அஃபர் 'கியூ' போட்டுத் தொடங்கும், சோமாலி 'சீ' போட்டுத் தொடங்கும். 'எக்ஸ்' சோமாலியில் ஹகரம், அஃபரில் டகரம். பிழைகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவது.

அஃபரில் 'கியூ' என்பது அரபு எழுத்தான அய்னின் ஒலி. சோனகத் தெருவில் குர்ஆன் ஓதப் பழகிய யாரிடமும் கேளுங்கள், தொண்டையிலிருந்து சொல்லிக் காட்டுவார்கள். தமிழில் அதற்கு எழுத்தில்லை; அதை விட்டுவிட்டு உயிரை மட்டும் எழுதுங்கள். கஃபார் அல்ல, அஃபர். இரண்டு அகரமும் குறில்; 'அஃபார்' என்ற நெடில் ஆங்கில எழுத்து தந்த மயக்கம். சொல்லின் நடுவே 'கியூ' வந்தால் உயிர்களைச் சேர்த்துவிடாதீர்கள்: அசைத்தா என்று பலர் எழுதும் ஊர் உண்மையில் அய்ஸஈத்தா.

'சீ' அழுத்தமான ஹகரம், முஹம்மதுவில் வருவது. காலை வணக்கம் மாஹிஸ்ஸெ. மாசிஸ்ஸெ என்று வாசித்தால் ஒருவருக்கும் விளங்காது.

'எக்ஸ்' எங்களுக்கு மிகச் சுலபம். மகனைக் குறிக்கும் சொல்லில் வரும் அந்த ஒலி, 'படம்' என்னும்போது நாக்கு மேலண்ணத்தைத் தட்டும் அதே டகரம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதில் திணறுவார். ஆனால் ட-வை இதற்கென்றே வைத்திருங்கள். 'டீ' (T), 'டி' (D) இரண்டுக்கும் த போதும். எரிமலையின் பெயர் எர்ட்டா அலே அல்ல, எர்தா அலே. 'டீ'க்கு ர, ற போட்டு ரொறன்ரோ (Toronto) என்று எழுதும் எங்கள் வழமையையும் இங்கே பாவிக்க வேண்டாம். அஃபரில் ரகரம் தனியே உண்டு, இரண்டும் கலந்துவிடும்.

உயிரெழுத்து இரட்டித்தால் நெடில். ஜிபூத்தியை அவர்கள் கபூத்தி என்பார்கள். மொழியில் ஜகரமே இல்லை. நாட்டின் பெயராக ஜிபூத்தி என்றே எழுதுங்கள், வாசகர் அதைத்தான் அறிவார். பகரம் எங்கும் அதிர்வோடு B-ஆகவே ஒலிக்கும், P ஒலி கிடையாது; ஆகவே அதில் சந்தேகம் வராது. K, G இரண்டும் க ஆகும், T, D இரண்டும் த ஆகும்; ஆகவே க, த இரண்டிலும் தமிழ் எழுத்து மட்டும் போதாது. வாய்விட்டு வாசிக்கப்படும் கட்டுரையென்றால் முதல்முறை வரும்போது உச்சரிப்பை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஆங்கில வரைபடங்களில் 'கியூ' ஏற்கனவே உதிர்ந்திருக்கும், நெடிலும் தெரியாது. அஃபர் எழுத்திலுள்ள வடிவத்தைத் தேடிப் பார்த்த பிறகே பெயரை முடிவுசெய்யுங்கள்.