இங்கிலாந்து பப்பில் நண்பரோடு மதியச் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

பப் என்றதும் நம்மூர் பார் நினைவுக்கு வந்து தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் குடிப்பதில்லை. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். மதியத்தில் போனால் குழந்தைகளோடு வந்த குடும்பம், பேப்பர் படிக்கும் பெரியவர், பல இடங்களில் மேசைக்கடியில் படுத்திருக்கும் நாய் என்று வீட்டுக்கூடம் போலத்தான் இருக்கும். நண்பர் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள்.

1. நேரம்

பப் நாள் முழுக்கத் திறந்திருந்தாலும் சமையலறை அப்படியில்லை. பல ஊர்களில் மதியம் 12 மணிக்குத் தொடங்கி 2.30 அல்லது 3 மணிக்கு மூடிவிடுவார்கள். முதல்நாளே அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஞாயிறு என்றால் ரோஸ்ட் (அவனில் வாட்டிய இறைச்சியும் காய்களும், நம்மூர் தோசை அல்ல) சாப்பிடக் கூட்டம் வரும், மேசையை முன்பதிவு செய்வது நல்லது.

2. மேசை எண்

காலியான மேசையில் உட்காருங்கள். அதன் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஆர்டர்

நான் தடுமாறிய இடம் இதுதான். நண்பரின் ரயில் தாமதம். நான் முதலில் போய் உட்கார்ந்து, யாராவது மெனுவோடு வருவார்கள் என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நண்பர் வந்து சேர்ந்தபோது சமையலறை மூடியாகிவிட்டது. அன்று எங்கள் மதியச் சாப்பாடு இரண்டு பாக்கெட் சிப்ஸ்.

பெரும்பாலான பப்களில் நாம்தான் எழுந்து பார் கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே நீள வரிசை இருக்காது, எல்லோரும் கவுண்டரை ஒட்டிப் பரவலாக நிற்பார்கள். ஆனாலும் வரிசை உண்டு, அது மனதில் இருக்கிறது. உங்களுக்கு முன்பே யார் யார் நின்றார்கள் என்று கவனியுங்கள். கவுண்டரில் இருப்பவர் "அடுத்து யார்?" என்று கேட்டால், முன்னால் வந்தவரைக் கைகாட்டுங்கள். பணத்தை ஆட்டுவதோ விரலைச் சொடுக்குவதோ வேண்டவே வேண்டாம். உங்கள் முறை வந்ததும் மேசை எண், பானம், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லி, கார்டைக் கருவியில் தட்டிப் பணம் கட்டிவிடுங்கள். பானத்தை நாமே எடுத்துப் போகணும், சாப்பாடு மேசைக்கு வரும்.

சில பப்களில் செயலி வழியாகவும் ஆர்டர் செய்யலாம். எனக்குக் கவுண்டர்தான் பிடிக்கும். எதில் என்ன போடுகிறார்கள் என்று ஓர் ஆளிடம் நேராகக் கேட்க முடிகிறதே.

4. என்ன சாப்பிடலாம்

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (பொரித்த மீன், இங்கே சிப்ஸ் என்பது பாக்கெட் சிப்ஸ் அல்ல, நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு), அதோடு மசித்த பட்டாணி. சைவம் என்றால் கொஞ்சம் கேட்டுத்தான் ஆக வேண்டும். சில இடங்களில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள். மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பதும் உண்டு. ரோஸ்டின் மேல் ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. யார்க்‌ஷயர் புட்டிங்கில் (ரோஸ்டோடு வரும், மாவில் சுட்ட உப்பலான பண்டம்) முட்டை இருக்கும்.

என் தேர்வு பிளவ்மேன்ஸ் லஞ்ச்: ரொட்டி, பெரிய செடார் சீஸ் துண்டு, பிக்கிள். உழவர் சாப்பாடு என்று பெயர் இருந்தாலும், அந்தப் பெயரில் நாடெங்கும் பரவியது 1960களில், பால் விற்பனை வாரியம் சீஸுக்காகச் செய்த விளம்பரத்தால்தான். பிக்கிள் என்றதும் நம் ஊறுகாயை நினைக்காதீர்கள், காய்த்துண்டுகள் போட்ட இனிப்புப் புளிப்பு அது. சில இடங்களில் ஹாமும் (பன்றி இறைச்சி) வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5. ரவுண்டு

ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் பானம் வாங்குவதுதான் ரவுண்டு. முதல் பானத்தை நண்பர் வாங்கினால், அடுத்தது உங்களுடையது. நீங்கள் லைம் சோடா மட்டும் குடித்தாலும் அவருக்கு ஒரு பைன்ட் (568 மில்லி) பீர் வாங்கிக் கொடுங்கள். அங்கே நட்பைக் காட்டும் வழி இது. சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் அவரவர் கொடுத்துக்கொள்வோம்.

பின்சேர்க்கை: 23 வயது வாசகி ஒருவர், பீர் கேட்டபோது வயதுச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். மது வாங்கும் வயது 18 என்றாலும், 25க்குக் கீழே தெரிகிறவர்களிடம் பல இடங்களில் கேட்பார்கள். பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும்.

டிப்ஸ் பற்றியும் சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கவுண்டரில் வாங்கும்போது கொடுக்கும் வழக்கம் இல்லை. கிளம்பும்போது காலிக் குவளைகளைக் கவுண்டரில் வைத்து, "சியர்ஸ்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே அதற்கு நன்றி என்றும் பொருள்.