லோரியில் சிபி ஆன்டெனா: கோளாறு பெயிண்டில் இருந்தது

பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் என் லோரியில் சிபி ரேடியோ (ஓட்டுநர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ) மாட்டினேன். பின்னாலேயே வரும் மச்சானுக்குக்கூட நான் பேசுவது கேட்கவில்லை. எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ரேடியோ அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1-க்கு நெருங்க நெருங்க நல்லது) முள் 3-ஐத் தாண்டி நின்றது. கேபிள்தான் கோளாறு என்று புதுசு வாங்கினேன், வீண் செலவு. அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்து, பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிய ஆன்டெனா பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் (லோரியின் இரும்புச் சட்டம்) இடையே பார்த்தேன்: எர்த்தே இல்லை, மின் தொடர்பு கிடையாது. இடையில் தடுத்தது எல்லாம் பெயிண்ட்! இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, பட்டையான பின்னல் ஒயரால் சேசிஸோடு இணைத்து, மேலே கிரீஸ் தடவினேன் (நம் பினாங்குக் கடல்காற்றுக்குத் துரு பிடிக்க ஒரு மழை போதும்). முள் 2-க்கு இறங்கியது. முதல் சேனலான 1-ஐவிடக் கடைசிச் சேனலான 40-இல் அதிகம் காட்டியது, அப்படியென்றால் ஆன்டெனா நீளம் கூடுதல். நுனிக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி 1.4-க்குக் கொண்டுவந்தேன்.