போர்க்கால நினைவு அட்டைகள்: சேகரிப்பவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள்?

ஜெர்மனியின் பவேரியா, ஆஸ்திரியா, இத்தாலியின் தென் டிரோல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் சிறிய அட்டை ஒன்றை அச்சடித்து உறவினருக்கும் ஊராருக்கும் கொடுப்பது வழக்கம். ஜெர்மனில் இதற்கு ஸ்டெர்பெபில்ட் என்று பெயர். ஒரு பக்கம் மாதாவோ சிலுவையில் அறையப்பட்ட இயேசுவோ இருப்பார். மறுபக்கம் இறந்தவரின் படம், பெயர், ஊர், இறந்த நாள், ஒரு குறுஞ்ஜெபம். வாங்கியவர்கள் அதை ஜெபப் புத்தகத்தின் நடுவே வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் உலகப் போரில் போர்முனையில் செத்த பையன்களுக்கும் இதே போல அச்சடித்தார்கள். ரஷ்யாவிலோ ஆப்பிரிக்காவிலோ புதைக்கப்பட்டவனின் உடல் ஊர் வந்து சேராது. திருப்பலியும் இந்த அட்டையும்தான் அவனுக்கு ஊரில் கிடைத்த இறுதி மரியாதை.

இன்று இவை சேகரிப்புச் சந்தையில் விற்கின்றன. சாதாரணக் காலாட்படைச் சிப்பாயின் அட்டை கொஞ்சக் காசுக்கே கிடைக்கும். வாஃபன் எஸ்எஸ் என்ற நாஜிக் கட்சியின் ஆயுதப் படை, 1941 மே மாதம் கிரீட் தீவில் குதித்த பாராசூட் படை, நீர்மூழ்கிக் கப்பல், வீரச்சிலுவை என்ற உயர் விருது வாங்கியவர் என்றால் விலை பல மடங்கு ஏறிவிடும். போலிகள் பிறப்பது இந்த விலை வித்தியாசத்தில்தான். அதனால் படைப்பிரிவின் பெயரைப் பார்த்ததும் மயங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். போலி செய்கிறவர் அந்த ஒரு வரியைத்தான் விற்கிறார். அதைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் காகிதம், அச்சு, பெயர்.

காகிதம் மஞ்சளாக இருப்பதைப் பழமைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேநீரில் முக்கினால் எந்தக் காகிதமும் மஞ்சளாகும். இயல்பாகப் பழசான அட்டையில் பெரும்பாலும் ஓரம் கருத்தும் நடு வெளுத்தும் இருக்கும், ஏனென்றால் காற்றும் வெளிச்சமும் ஓரத்திலிருந்துதான் உள்ளே நுழைகின்றன. விரல் பட்ட மூலைகள் மழுங்கியிருக்கும். சாயம் ஏற்றியதில் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும், அல்லது திட்டுத் திட்டாகத் தேங்கியிருக்கும்.

புற ஊதா விளக்கை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் வெண்மையூட்டிகள் 1950-களுக்குப் பிறகே பரவலாயின. இருட்டில் அட்டை நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அது போர்க்காலக் காகிதமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒளிரவில்லை என்பதை வைத்து அசல் என்று முடிவு கட்டுவது தவறு. பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளை வெட்டி எடுத்துக்கொள்ளலாமே! அதைவிட வசதியான வழி ஒன்றும் இருக்கிறது. மாதா படத்தை மொத்தமாக அச்சடித்துப் பின்பக்கத்தை வெறுமையாக விட்ட அட்டைகளைத்தான் ஊர் அச்சகங்கள் வாங்கி வைத்திருந்தன. யாராவது இறந்தால் வெறும் பக்கத்தில் அவர் பெயரை அச்சடிப்பார்கள். அப்படிப் பயன்படாமல் மிஞ்சிய பழைய அட்டை ஒன்று கையில் சிக்கினால், மாதா பக்கம் நூற்றுக்கு நூறு அசலாகவும் பெயர்ப் பக்கம் நேற்று அச்சானதாகவும் இருக்கும்.

ஆகவே அச்சைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும், இந்தத் துறையில் அதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது. அன்றைய ஊர் அச்சகத்தில் ஈய எழுத்துகளை அச்சுக் கோர்த்தார்கள், படத்துக்கு, அதை உலோகத் தகட்டில் புள்ளி புள்ளியாகப் பொறித்த பிளாக் செய்தார்கள். அதனால் அசலில் படம் மட்டும்தான் புள்ளிகளால் ஆனது, அதுவும் வரிசை பிசகாத கறுப்புப் புள்ளிகள். எழுத்துகள் முழு மையில், விளிம்பில் மை சற்றே பிதுங்கி நிற்கும். அட்டையைத் திருப்பிச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து அழுந்திய தடம் பல நேரம் தெரியும். அசலை ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்திருந்தால் எழுத்துகளும் புள்ளியாகச் சிதறும். இங்க்ஜெட் என்றால் கறுப்புக்குள்ளேயே நீலம், சிவப்பு, மஞ்சள் துளிகள் தெரியும். லேசர் என்றால் எழுத்தைச் சுற்றித் தூள் தெளித்த மாதிரி இருக்கும், மை காகிதத்துக்குள் இறங்காமல் மேலே உட்கார்ந்து பளபளக்கும். சில குடும்பங்கள் பிளாக் செய்யாமல் உண்மையான சின்னப் புகைப்படத்தை ஒட்டிக் கொடுத்தன. அவற்றில் புள்ளி தேடிப் பயனில்லை, எழுத்தை மட்டும் பாருங்கள்.

எழுத்து வடிவத்தில் போலிக்காரர் அடிக்கடி சறுக்குவார். பழைய ஜெர்மன் ஃபிராக்டுர் எழுத்தில் ‘எஸ்’ இரண்டு வகை. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் நீண்டு நிற்கும், கிட்டத்தட்ட ‘எஃப்’ மாதிரி. சொல் முடியும் இடத்தில் சுருண்டு வட்டமாக வரும். இயேசுவின் பெயர் ஏறக்குறைய எல்லா அட்டையிலும் உண்டு, சோதிக்க அதுவே வசதி. நடுவில் வரும் எஸ் நீளமாகவும் கடைசி எஸ் சுருளாகவும் இருக்க வேண்டும். கணினியில் ஃபிராக்டுர் எழுத்துருவைப் போட்டு அப்படியே தட்டச்சு செய்தால் பெரும்பாலும் இரண்டும் சுருளாகவே விழும். தலைமுறை தலைமுறையாக அச்சுக் கோர்த்த ஒருவர் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார். அதே சமயம், அட்டை சாதாரண ரோமன் எழுத்தில் இருந்தால் சந்தேகப்படாதீர்கள். 1941 ஜனவரியில் நாஜி அரசே ஃபிராக்டுரைக் கைவிடச் சொன்னது. சில அச்சகங்கள் மாறின, பல அச்சகங்கள் கையில் இருந்த பழைய எழுத்தையே ஓட்டின. போர்க்கால அட்டைகளில் இரண்டும் உண்டு.

இனி, செய்தி. 1942 அக்டோபர் 15-க்கு முன்பு சாதாரணக் காலாட்படைச் சிப்பாயை ‘ஷூட்ஸே’ என்றுதான் குறிப்பிட்டார்கள். அன்றைய உத்தரவுக்குப் பிறகே ‘கிரெனேடியர்’ வந்தது, ரெஜிமென்ட்டுகளின் பெயரும் மாறியது. 1941-இல் மாஸ்கோ அருகே இறந்தவரைச் சாதாரண ரெஜிமென்ட்டின் கிரெனேடியர் என்று அட்டை சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். நேருக்கு நேர் சண்டைக்கான நாக்காம்ப்ஃஷ்பாங்கெ விருது 1942 நவம்பரில்தான் உருவாக்கப்பட்டது. அந்தக் கோடையில் செத்தவர் மார்பில் அது இருக்க வழியில்லை. படமும் வாசகமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாராசூட் படை ஜெர்மன் விமானப்படையைச் சேர்ந்தது, ஆகவே சட்டையில் விமானப்படையின் கழுகுச் சின்னம் இருக்க வேண்டும். தோள்பட்டையில் தெரியும் பதவி அட்டையில் அச்சான பதவியைவிடக் கீழே இருந்தால் பரவாயில்லை. பழைய படத்தைக் கொடுத்திருப்பார்கள், இறந்த பிறகு பதவி உயர்வும் வந்திருக்கலாம். மேலே இருந்தால் சிக்கல்.

நாஜி வாசகம் அதிகம் இருந்தால் அதிக அசல் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் இவை தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த அட்டைகள். ஹிட்லரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அட்டைகள் ஏராளம். தலைவருக்காக உயிர் கொடுத்தார் என்று எழுதிய அசலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரும்புச் சிலுவை, ஸ்வஸ்திகா, எஸ்எஸ் சின்னம் என்று எல்லாம் ஒரே அட்டையில் நெருக்கியடித்தால் அது துக்க வீட்டுக்காகச் செய்த மாதிரி தெரியாது, வாங்குபவருக்காகச் செய்த மாதிரிதான் தெரியும். இந்த வகைப் போலி எனக்குக் கோபத்தையே தருகிறது. பெயரும் படமும் ஒரு விவசாயி மகனுடையவை, அவன் வாழ்ந்ததும் செத்ததும் உண்மை. எஸ்எஸ் என்று ஒரு வரியைச் சேர்த்து, அவன் சேராத ஒரு படையில் அவனைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் படை செய்த கொலைகளின் கறை, மறுத்துப் பேச முடியாத ஒருவன் மேல் விழுகிறது.

அடுத்து, பலரும் சோம்பலில் விட்டுவிடும் வேலை: ஆளைத் தேடுவது. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்புண்ட் என்ற அமைப்பு 1919-இல் தொடங்கியது. அதன் இணையத் தேடலில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பெயர், பதவி, பிறந்த நாள், இறந்த நாள், இடம் என்று விவரம் வரும், காசு கிடையாது. பவேரியக் கிராமங்களில் தேவாலயத்தை ஒட்டிப் போர் நினைவுச் சின்னம் இருக்கும். அப்படிப்பட்ட கல்வெட்டுகளில் உள்ள பெயர்களைத் தன்னார்வலர்கள் படியெடுத்து டெங்க்மால்ப்ராயெக்ட் என்ற தளத்தில் போட்டு வருகிறார்கள். பெரிய தொகை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சிப்பாய்களின் பதிவேடுகள் 2019 முதல் அதன் பொறுப்பில் இருக்கின்றன. பதில் வர நாளாகும். அதுவரை பொறுக்க முடியாது என்று விற்பவர் அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

ஃபோல்க்ஸ்புண்டில் பெயர் இல்லை என்பதற்காகவே போலி என்று தூக்கி எறியவும் வேண்டாம். காயத்தோடு வந்து உள்ளூர் மருத்துவமனையில் இறந்து, சொந்த ஊர்க் கல்லறையில் அடக்கமானவர்கள் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். பெயரின் எழுத்து ஓரிடத்தில் மாறியிருக்கலாம். அப்புறம், அட்டை எப்போது அச்சானது என்பதும் முக்கியம். ஸ்டாலின்கிராடில் 1943 பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெர்மன் படை முழுதாகச் சரணடைந்தது. அங்கே காணாமல் போனவர்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. மகன் இனி வரமாட்டான் என்று ஒப்புக்கொண்ட பிறகு, 1950-களில் அச்சடித்தவர்களும் உண்டு. அந்த அட்டையில் காகிதம் ஒளிரலாம், எழுத்து புதுப் பாணியில் இருக்கலாம். அது போலி அல்ல, தாமதமாக வந்த துக்கம். அதேபோல் கசங்காத, அழுக்குப்படாத அட்டையும் போலி என்று ஆகிவிடாது. கொடுத்தது போக மிஞ்சியதைக் கட்டாகவே வைத்திருந்த வீடுகள் இருந்தன.

இணையத்தில் வாங்குகிறவர்கள் சின்னப் படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். இரண்டு பக்கத்தையும் 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். முழு அட்டை வேண்டாம் என்றால் பெயரின் ஒரு பகுதியும் முகத்தின் ஒரு பகுதியும் போதும். நேர்மையான விற்பனையாளருக்கு இது ஐந்து நிமிட வேலை. ‘என் தாத்தா பெட்டியில் இருந்தது’ என்ற கதைக்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள். ஒரே விற்பனையாளரிடம் வெவ்வேறு ஊர்க்காரர்களின் அட்டைகள் ஒரே எழுத்து, ஒரே இடைவெளி, ஒரே காகிதத்தில் வரிசையாக வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பல அசல்களில் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், அதைச் சிப்பாயின் ஊரோடு வரைபடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் விலையுயர்ந்த ஒன்றைத் தேடுவதற்கு முன்பு, ஒரே ஊர்ப்பக்கத்துச் சாதாரணச் சிப்பாய்களின் அட்டைகளை மலிவாகக் கொஞ்சம் வாங்கட்டும். யாரும் போலி செய்ய மெனக்கெடாத அட்டைகள் அவை. லென்ஸை வைத்து அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கண்ணும் விரலும் தானாகப் பழகும்.

போலி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் விற்காதீர்கள், கிழிக்கவும் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். பின்னால் பென்சிலில் ‘போலி’ என்று எழுதி, ஏன் என்று ஒரு வரியும் சேர்த்துத் தனி உறையில் வையுங்கள். உங்களுக்குப் பிறகு ஆல்பத்தைத் திறக்கும் பிள்ளைகளுக்கு எது எது என்று தெரிய வேறு வழியில்லை.