சிறிய மின்சார எஸ்யூவி: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்குள்ளும் அதன் புறநகர்களிலும் ஓட்டுவதற்கென்று ஒரு சிறிய மின்சார எஸ்யூவி வாங்க நினைப்பவர்களில் பலர் ஷோரூமிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பஞ்சா, நெக்ஸானா, விண்ட்சரா, கிரெட்டாவா என்று ஒப்பிட்டு, நிறம் வரைக்கும் முடிவு செய்து, முன்பணமும் கட்டிய பிறகே வண்டியை எங்கே சார்ஜ் செய்வது என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. பெட்ரோல் காருக்கு இந்த வரிசையால் கேடில்லை. மின்சாரக் காரைப் பொறுத்தவரை, இரவில் வண்டி நிற்கப்போகும் இடத்துக்கு உங்கள் மீட்டரிலிருந்து மின்சாரம் வருமா என்று உறுதி செய்யாமல் மாடலைத் தேர்ந்தெடுப்பதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன.

தனி வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில், மீட்டர் போர்டிலிருந்து உங்கள் பார்க்கிங் இடம் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது, கேபிள் பொது இடத்தின் வழியே போக வேண்டுமா, எர்த்திங் சரியாக இருக்கிறதா என்பதையெல்லாம் முன்கூட்டியே ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட வேண்டும். சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. செயலாளர் மாறினால் வாய்மொழிச் சம்மதம் காற்றோடு போய்விடும். வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் இல்லாத வாடகைக் குடியிருப்பாளர்களும், தெருவோரத்தில் வண்டியை நிறுத்துபவர்களும், பொதுச் சார்ஜிங் நிலையத்தை மட்டுமே நம்பி வாங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். வேகச் சார்ஜரில் ஒரு யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ கொடுக்க நேரும்போது, மின்சாரக் காரின் சிக்கனத்தில் பெரும் பகுதி கரைந்துவிடும்.

வீட்டில் சார்ஜ் செய்ய வழி இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. கூடுதல் பணம் கொடுத்து 7.2 கிலோவாட் சார்ஜர் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு, வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு (மின்பளு) போதவில்லை என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு அலைகிறார்கள். ஏசிக்குப் பயன்படுத்துவது போன்ற 15 அல்லது 16 ஆம்பியர் பிளக்கில் கிடைக்கும் 3.3 கிலோவாட் வேகத்தில், இரவு 9 மணி நேரத்தில் ஏறத்தாழ 30 யூனிட் ஏறும். அது நகரத்தில் சுமார் 200 கி.மீ. ஓடப் போதும். தாம்பரத்திலிருந்து சிறுசேரி போய்த் திரும்புபவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் அந்தப் பிளக்குக்கு மீட்டரிலிருந்து தனி லைனும் தனி எம்சிபியும் (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது நெருப்பை விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

அடுத்தது மின் கட்டணக் கணக்கு. இதில்தான் விளம்பரமும் நடைமுறையும் மிக அதிகமாக விலகி நிற்கின்றன. கிலோமீட்டருக்கு 50 பைசா, 60 பைசா என்று சொல்பவர்கள் ஒரு யூனிட்டை நான்கு அல்லது ஐந்து ரூபாயாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, படிநிலைகளாகக் கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. மாதம் 1,200 கி.மீ. ஓட்டுபவரை எடுத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால், 100 கி.மீ.க்குச் சுமார் 14 யூனிட் மீட்டரில் பதிவாகும். இரண்டு மாதங்களில் அது ஏறத்தாழ 340 யூனிட். ஏற்கெனவே 450 யூனிட் செலவழிக்கும் குடும்பம் இதனால் 790 யூனிட்டுக்குப் போகிறது. கூடுதலாக வந்த யூனிட்டுகள் அனைத்தும் மேல்படிகளில் விழுவதாலும், அட்டவணையே மாறுவதாலும், அவற்றின் சராசரி விலை யூனிட்டுக்கு 9 ரூபாயைத் தாண்டுகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 1.30 ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு ஆகும் ஆறேழு ரூபாயோடு ஒப்பிட்டால் இதுவும் மலிவுதான். ஆனாலும் மலிவு என்று கேட்டு வாங்கியவர் முதல் பில்லைப் பார்த்துத் திகைப்பதில் வியப்பில்லை. வாகனம் சார்ஜ் செய்வதற்கென நுகர்வோர் தனி மின் இணைப்பு கேட்டுப் பெறலாம் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியிருக்கிறது. அந்த இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் வரும், அதன் நிலைக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து, இரண்டு வழிகளையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம், விளம்பரத்தில் சொன்னபடியே கிடைக்கும் என்று நம்பும் தவறு எல்லோரும் அறிந்ததுதான் என்றாலும், அந்தத் தூரம் குறைவதன் காரணத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 45 யூனிட் பேட்டரி கொண்ட நெக்ஸானுக்குச் சோதனைச் சான்றிதழ் தரும் எண் 489 கி.மீ.; நடைமுறையில் 350 முதல் 370 கி.மீ. எதிர்பார்க்கலாம் என்று டாடா நிறுவனமே தனியாகச் சொல்கிறது. பெட்ரோல் கார் நகரத்தில் அதிகம் குடித்து நெடுஞ்சாலையில் சிக்கனமாக ஓடும்; மின்சாரக் காரோ பிரேக் பிடிக்கும்போது ஆற்றலின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதால் நகரத்தில் நன்றாக ஓடி, ஜிஎஸ்டி சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) 100 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் காற்றை எதிர்த்தே பேட்டரியைக் கரைக்கும். எஸ்யூவியின் உயரமான முகப்பு இதை இன்னும் கூட்டுகிறது. நகரத்தில் ரேஞ்சைத் தின்பது முக்கியமாக ஏசிதான், அதுவும் தூரத்தைப் பொறுத்தல்ல, நேரத்தைப் பொறுத்து. மே மாத வெயிலில் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கக்கூடும். மணிக்கு 18 கி.மீ. மட்டுமே நகரும் நெரிசலில் அந்த ஒரு யூனிட் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். ஆகவே உங்கள் அன்றாடப் பயணத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்காமல் மணியிலும் அளந்து பாருங்கள்.

ரேஞ்ச் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தாலேயே பலர், ஆண்டுக்கு இரண்டு முறை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போவதற்காக, லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய பேட்டரியை வாங்குகிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் எல்லா மின்சாரக் கார்களும் ஒரே நாளில் ஒரே சார்ஜர்களின் முன்னால்தான் நிற்கும். பெரிய பேட்டரி அந்த வரிசையைச் சுருக்குவதில்லை. நகருக்கென்று வாங்கும் வண்டி நகருக்குப் போதுமானதாக இருந்தால் போதும், ஊருக்குப் போக ரயில் இருக்கிறது என்பது என் கருத்து. குடும்பத்தில் அது ஒரே வண்டி என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

விலையைப் பார்க்கும்போது, பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டங்களைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் அறிமுகமானபோது, பேட்டரி வாடகைத் திட்டத்தில் அதன் தொடக்க விலை 9.99 லட்சம் ரூபாய், வாடகை கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய், பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் ஏறத்தாழ 13.5 லட்சம். வித்தியாசமான மூன்றரை லட்சத்தை வாடகையால் வகுத்தால் சரியாக ஒரு லட்சம் கி.மீ. வருகிறது. அதற்கு மேல் ஓட்டுபவருக்கு வாடகை நட்டம். மிகக் குறைவாக ஓட்டுபவருக்கோ, மாதத்துக்கு இத்தனை கி.மீ. கட்டாயம் என்ற நிபந்தனை இருந்தால், ஓடாத தூரத்துக்கும் பணம் போகும். சார்ஜ் செய்யும் மின்சாரச் செலவு இந்த வாடகையில் அடங்காது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய கணக்குகளையும் அப்படியே நம்பக் கூடாது. மின்சாரக் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகவே நீடிக்க, சிறிய பெட்ரோல் கார்களுக்கு அது 2025 செப்டம்பரில் 18 சதவீதமாகக் குறைந்ததால், இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் மாறிவிட்டது. வாகனக் கடன் வட்டிக்கான 80இஇபி வருமான வரிச் சலுகையோ 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களோடு முடிந்துவிட்டது. விற்பனையாளர் யாராவது இன்னும் அதைச் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

சென்னைக்கென்றே உள்ள ஒரு தவறு, ஐபி67 என்ற எண்ணைப் படகுச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது. ஒரு மீட்டர் ஆழமுள்ள, அசையாத நன்னீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தண்ணீர் உள்ளே புகாது என்பதே அதன் பொருள்; அதுவும் பேட்டரிப் பெட்டிக்கு மட்டும், வண்டி முழுவதற்கும் அல்ல. மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் தேங்கியது அசையாத நன்னீரும் அல்ல, அரை மணி நேரத்தில் வடிந்ததும் அல்ல. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தும் வழக்கம் மின்சாரக் கார்க்காரர்களுக்கும் பொருந்தும். காப்பீடு எடுக்கும்போது, வெள்ளத்தால் பேட்டரி பழுதானால் முழுத் தொகையும் கிடைக்குமா, சுவரில் பொருத்திய சார்ஜரும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை ஆவணத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்று எழுதியிருந்தால், அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா, வண்டியை விற்றால் அடுத்தவருக்கு எத்தனை ஆண்டு மிஞ்சும், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மறுவிற்பனை விலையை அந்தப் பதில்களே பெரிதும் தீர்மானிக்கும்.

டெஸ்ட் டிரைவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் மட்டும் மகிழ்ந்துவிட்டு வருவதும் தவறுதான். பெட்ரோல் காரின் உடலிலேயே பேட்டரியைப் பொருத்திய மாடல்கள் சிலவற்றில் பின் இருக்கையின் தரை உயர்ந்து, முழங்கால்கள் மேலே தூக்கி நிற்கும். வயதானவர்களை அங்கே அரை மணி நேரம் உட்காரவைத்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி தானே வேகம் குறைக்கும் அமைப்பு அதிகபட்ச நிலையில் இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும்; அதைக் குறைக்க முடிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவின் வேகத்தடையிலும் குடியிருப்பின் சரிவுப் பாதையிலும் ஏற்றி இறக்கினால், அடிப்பகுதி தட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். பல மாடல்களில் ஸ்டெப்னி டயர் இல்லாமல் பஞ்சர் கிட் மட்டுமே தருகிறார்கள் என்பதால், டிக்கியின் அடித்தட்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.